விறகு எரிவது இரண்டு மணி நேரம், வெப்பம் ஒரு நாள்: கற்கணப்பு தேர்ந்தெடுப்பது எப்படி?

கல்சட்டியில் வத்தக்குழம்பு வைத்தவர்களுக்கு இது தெரியும். அடுப்பை அணைத்து இறக்கிவைத்த பிறகும் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். மாக்கல்லைக் குடைந்து செய்த சட்டி அது. சூடேறவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். அந்தச் சட்டியை ஒன்றரை டன் எடைக்குப் பெரிதாக்கி, வயிற்றில் விறகை எரித்து, வீட்டின் நடுவில் நிறுத்திவைத்தால் எப்படி இருக்கும்? ஃபின்லாந்தில் அதற்கு ‘வராவா தக்கா’ என்று பெயர். ‘வராவா’ என்றால் சேமித்துவைக்கும். ‘தக்கா’ என்றால் கணப்பு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் மேசன்ரி ஹீட்டர் என்பார்கள். நான் கற்கணப்பு என்றே எழுதுகிறேன்.

கல்சட்டியை ஒப்புமைக்காக மட்டும் இழுக்கவில்லை. கல்லும் அதே கல்தான். ஃபின்லாந்தின் கிழக்கே, வடக்குக் கரேலியாவில் யூக்கா என்ற ஊரைச் சுற்றி மாக்கல் வெட்டி எடுக்கிறார்கள். அங்கிருந்து கணப்பு செய்து விற்கும் துலிகிவி நிறுவனத்தின் பெயருக்கே ‘தீக்கல்’ என்று பொருள்.

தம்பெரே நகரில் நாங்கள் வாங்கியது ஒரு ‘போர்வீரர் வீடு’. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், போரிலிருந்து திரும்பியவர்களுக்காகவும் சோவியத் ஒன்றியத்திடம் போன கரேலியப் பகுதியை விட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்காகவும் 1940களிலும் 50களிலும் ஃபின்லாந்து முழுக்கக் கட்டிய ஒன்றரை மாடி மரவீடுகளுக்கு அந்தப் பெயர். நட்டநடுவே ஒரு புகைபோக்கி, அதைச் சுற்றி அறைகள். எங்கள் வீட்டின் பழைய கணப்பில் விரிசல் விழுந்திருந்தது. புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “இதில் இனிமேல் தீ மூட்டாதீர்கள்” என்றார். புதியது வாங்க அலைந்த ஆறு மாதத்தில் கற்றதுதான் இங்கே இருப்பது. அதன் பிறகு கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அண்ணா, எந்த மாடல் நல்லது?” கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது.

இரும்படுப்பிலிருந்து எங்கே வேறுபடுகிறது

இரும்பு விறகடுப்பு பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். விறகு தீர்ந்த ஒரு மணி நேரத்தில் ஆறியும் போய்விடும். இரவெல்லாம் சூடு வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? காற்று வரும் வழியைக் குறைத்து, விறகை மெதுவாகப் புகையவிடுவார்கள். அங்கேதான் நட்டம் தொடங்குகிறது. விறகு சூடானதும் அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வாயுவாகக் கிளம்பிவிடும். நாம் சுடர் என்று பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். அது முழுதாக எரிய 600 டிகிரிக்கு மேல் வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். காற்றை நெரித்தால் வாயு எரியாமலே மேலே போகும். பாதி புகையாக ஊருக்குள் இறங்கும், மீதி தார்போலப் புகைபோக்கியின் உட்சுவரில் படியும். ஒருநாள் அந்தப் படிவே தீப்பிடிக்கும்.

கற்கணப்பில் காற்றை நெரிக்கும் தேவையே வராது. பத்துப் பதினைந்து கிலோ விறகை முழு வேகத்தில், கொழுந்துவிட்டு எரிய விடுகிறோம். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அந்தச் சூட்டை உடனே அறைக்குள் விடாமல் கல் வாங்கி வைத்துக்கொள்கிறது. பிறகு 12 மணி முதல் 24 மணி நேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. அதுவும் பெரும்பாலும் கதிர்வீச்சாக, மாலை வெயிலில் காய்ந்த சுவரருகே இரவில் உட்கார்ந்தால் முதுகில் படுமே, அந்தச் சூடு.

எரிந்த வாயுவை அப்படியே புகைபோக்கிக்குள் விட்டுவிட்டால் கல்லுக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் அதைச் சுற்றவிடுகிறார்கள். ஃபின்லாந்து முறையில் சுடர் மேல் அறைவரை ஏறி, பிறகு இரண்டு பக்கவாட்டு வழிகளில் கீழே இறங்கி, அடியிலிருந்து புகைபோக்கிக்குப் போகும். உள்ளே வாயு கீழ்நோக்கி வருகிறது. வெளியே கணப்பை ஒட்டிய அறைக்காற்று சூடாகி மேல்நோக்கிப் போகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசை. ‘எதிரோட்டக் கணப்பு’ என்ற பெயர் அதனால் வந்தது. ரஷ்யாவில் வளர்ந்த இன்னொரு முறையில் சுற்றுவழி எதுவும் கிடையாது. கவிழ்த்து வைத்த அண்டாபோல ஒரு பெரிய வெற்றிடம். சூடான வாயு மேலே போய்த் தங்கும், ஆறியது தானாக அடிக்கு இறங்கி வெளியேறும். கோயில் மணியின் வடிவம் என்பதால் இதை ‘மணி முறை’ என்பார்கள்.

ஸ்வீடனின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அங்கே விறகுத் தட்டுப்பாடு. 1767இல் கார்ல் யோஹான் குரோன்ஸ்டெட்டும் ஃபாபியன் வ்ரேடேயும் வாயுவை மேலும் கீழுமாக ஓடவிடும் நீண்ட வழிகள் கொண்ட கணப்பை வடிவமைத்தார்கள். வெள்ளை ஓடு பதித்த உயரமான உருளைக் கணப்புகளைப் பழைய ஸ்டாக்ஹோம் வீடுகளில் இன்றும் பார்க்கலாம். அழகுக்காக வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விறகை மிச்சம்பிடிக்கப் பிறந்தவை அவை.

சாதாரணத் திறந்த கணப்பில் விறகின் ஆற்றலில் 10, 15 சதவீதம்தான் வீட்டுக்குள் தங்கும். நல்ல கற்கணப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தங்கும். 95 சதவீதம் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். வெளியேறும் வாயுவில் 150, 200 டிகிரி சூடாவது இருந்தால்தான் புகைபோக்கி இழுக்கும். அதற்கும் கீழே பிழிந்தெடுத்தால் வாயுவிலுள்ள நீராவி புகைபோக்கிக்குள்ளேயே வியர்த்து, சுவர் ஊறத் தொடங்கும்.

முதலில் மின்கட்டண ரசீதை எடுங்கள்

எங்கள் வீடு மின்சாரத்தில் சூடாகும் வீடு. போன ஜனவரியில் சூடாக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 2,400 யூனிட் ஆகியிருந்தது. 31 நாளால் வகுத்தால் நாளுக்கு 77 யூனிட். எங்கள் தேவை அதுதான்.

இப்போது விறகுக் கணக்கு. நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 12 கிலோ எரித்தால் 48. அதில் 80 சதவீதம் வீட்டுக்குள் தங்கினால் 38 யூனிட். அதாவது ஒருமுறை மூட்டினால் ஜனவரித் தேவையில் பாதி. காலை ஒன்று, இரவு ஒன்று என்று இருமுறை மூட்டினால் காகிதத்தில் முழுத் தேவையும் தீர்ந்துவிடுகிறது. நடைமுறையில் தீராது, ஏனென்றால் கதிர்வீச்சு மூலை திரும்பாது. கணப்பின் முகம் தெரியாத, கதவு சாத்திய படுக்கையறைக்கு அதன் சூடு அதிகம் போய்ச் சேராது. அங்கே மின்கணப்பு ஓடத்தான் செய்யும்.

எவ்வளவு கனமான கணப்பு வேண்டும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. ஒருமுறைக்கு எரிக்கும் ஒவ்வொரு கிலோ விறகுக்கும் ஏறக்குறைய 100 கிலோ கல் என்பது தோராய விதி. 12 கிலோவுக்கு 1,200 கிலோவாவது வேண்டும். நாங்கள் எடுத்தது 1,400 கிலோ. அந்த எடை மாக்கல்லை ஒரு டிகிரி சூடாக்க 0.38 யூனிட் போதும். 38 யூனிட்டையும் அது வாங்கிக்கொண்டால் கல்லின் சராசரிச் சூடு 100 டிகிரி ஏறும். உண்மையில் எரியும்போதே கொஞ்சம் வெளியே போய்க்கொண்டிருப்பதால் அவ்வளவு ஏறாது. தொட்டால் சுடும். இதே விறகை 500 கிலோ கணப்பில் எரித்தால் அறை இரவு வெந்து, விடியலில் நடுங்கும். 3,000 கிலோவில் எரித்தால் கல் சூடேறவே நாளாகும். ‘பெரிதாகவே வாங்கிவிடுவோம்’ என்ற நம் பழக்கம் இங்கே எடுபடாது.

சிலருக்கு இது வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வாரக்கடைசியில் மட்டும் போகும் ஏரிக்கரைக் குடிலுக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு உறைந்து கிடக்கும் வீட்டுக்குள் நுழைகிறீர்கள், கல் சூடேறி வெளிப்பக்கம் உணரவே சில மணி நேரமாகும். அங்கே இரும்படுப்புதான் சரி. அண்மையில் கட்டிய, காற்றுப் புகாத வீட்டுக்கும் யோசிக்க வேண்டும். அங்கே நாளுக்கு 38 யூனிட் ஒரே இடத்தில் இறங்கினால் மார்ச் மாதத்தில் சன்னல் திறந்துதான் தூங்குவீர்கள். மூட்டிய தீயைத் திரும்ப வாங்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் சின்னக் கணப்பு, நாலைந்து கிலோ விறகு போதும்.

விறகு சுமக்கவும் ஆள் வேண்டும். நாளுக்கு 12 கிலோ, வருடத்தில் 200 நாள் என்றால் 2,400 கிலோ. இதைப் பலர் விலை விசாரித்த பிறகுதான் யோசிக்கிறார்கள். விலை, சில ஆயிரம் யூரோவில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டியும் போகும்.

மாக்கல்லா, செங்கல்லா

கடைக்காரர்கள் இதில் மணிக்கணக்கில் பேசுவார்கள். எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் சேமிக்கும் வெப்பத்தில் வித்தியாசம் சிறிதுதான். மாக்கல் அடர்த்தி கூடியது, கன மீட்டருக்கு மூன்று டன்னை நெருங்கும். அதனால் குறைந்த இடத்தில் கூடுதல் வெப்பம் அடங்கும். வெப்பத்தைக் கடத்தும் வேகமும் செங்கல்லைவிடப் பல மடங்கு. ஆகவே மாக்கல் கணப்பு சீக்கிரம் சூடு கொடுக்கத் தொடங்கும். செங்கல் கணப்பு தாமதமாகத் தொடங்கி, மெதுவாக, நீண்ட நேரம் கொடுக்கும். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பி மூட்டுகிறவர்களுக்கு முதலாவது வசதி. நாள் முழுக்க யாராவது வீட்டிலிருக்கும் குடும்பத்துக்குச் வெறும் செங்கல்லும் சரி, அதன்மேல் பூச்சு பூசியதும் சரி. செங்கல் விலையும் பெரும்பாலும் குறைவு.

கல்லைவிட நான் கவனிக்கச் சொல்வது உள்ளே இருப்பதை. தீ எரியும் பெட்டியும் முதல் சுற்றுவழியும் தீ தாங்கும் செங்கல்லாலோ அதற்கு ஈடான வார்ப்பாலோ ஆன தனி உடல். வெளியே தெரிவது சட்டை மாதிரி. உள்ளுடல் சூட்டில் விரியும், சட்டை அந்த அளவுக்கு விரியாது. இரண்டுக்கும் நடுவே விரிவதற்கு இடைவெளி விட்டுக் கட்டியிருக்க வேண்டும். எங்கள் பழைய கணப்பில் யாரோ அந்த இடைவெளியைச் சாந்து போட்டு அடைத்திருந்தார்கள். பிரித்தபோதுதான் தெரிந்தது, விரிசல் எங்கிருந்து கிளம்பியது என்று.

தொழிற்சாலையில் செய்து, பாகங்களாக வந்து, இரண்டு நாளில் அடுக்கிவிடக்கூடியவை ஒரு வகை. கொத்தனார் வந்து செங்கல் செங்கல்லாகக் கட்டுவது இன்னொரு வகை. முதல் வகைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புகை, திறன் வரம்புகள் 2022 ஜனவரி 1 முதல் பொருந்துகின்றன. இடத்திலேயே கட்டுவது அந்த விதிக்குள் வராது. ஆகவே கொத்தனார் என்றால் அவர் ஏற்கெனவே கட்டிய இரண்டு வீடுகளுக்காவது போய், அங்கே இருப்பவர்களிடம் மூன்று குளிர்காலத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சாதாரணக் கொத்துவேலையில் கைதேர்ந்தவர் என்பதற்காக இதைக் கொடுத்துவிடாதீர்கள்.

தயாரிப்பு வகையில் ஈ.என் 15250 என்ற ஐரோப்பியத் தரநிலைப்படி சோதித்த தாள் ஒன்று இருக்கும், கேட்டு வாங்குங்கள். திறன் சதவீதத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது கீழே ஒரு மூலையில் இருக்கும் வரிசையை: மேற்பரப்பு உச்சச் சூட்டை எட்ட எத்தனை மணி நேரம், அந்தச் சூடு பாதியாகக் குறைய எத்தனை, கால் பங்காகக் குறைய எத்தனை. பாதியாக 10 மணி நேரம் எடுக்கும் கணப்பும் 20 மணி நேரம் எடுக்கும் கணப்பும் திறனில் ஒரே எண்ணைக் காட்டலாம். வீட்டில் வாழும்போது இரண்டும் வேறு வேறு.

தரையும் புகைபோக்கியும்

ஒன்றரை டன்னை மரத்தரை தாங்காது. கணப்புக்கென்று தனியாகக் கான்கிரீட் அடித்தளம் நிலத்திலிருந்தே எழும்ப வேண்டும். போர்வீரர் வீடுகளில் புகைபோக்கியோடு சேர்ந்து அப்படி ஒன்று இருக்கும், ஆனால் புதிய எடைக்குப் போதுமா என்று கட்டடப் பொறியாளர்தான் சொல்ல முடியும். புகைபோக்கியைக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உட்சுவர் உதிர்ந்திருந்தால் எஃகுக் குழாய் இறக்க வேண்டிவரும். அந்தச் செலவை முதலிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது. அனுமதி வேண்டுமா என்று நகராட்சியின் கட்டட ஆய்வுத் துறையிடமும், காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்பே கேட்டுவிடுங்கள். இடம் பற்றி ஒரே வார்த்தை: நடுவில். வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் பாதிச் சூட்டை முற்றத்துப் பனிக்குக் கொடுப்பீர்கள்.

காற்றுப் புகாத வீட்டில் இன்னொன்று. சமையலறைப் புகையுறிஞ்சி ஓடும்போது வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து, கணப்பின் புகை அறைக்குள் திரும்பும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே குழாய் வழியாகக் கொண்டுவரும் வசதியுள்ள மாடலை அங்கே எடுக்க வேண்டும்.

விறகு

ஈர விறகு புகையும் என்பது நம் பாட்டிகளுக்கே தெரிந்தது. எண்ணாகச் சொன்னால், வெட்டியவுடன் மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை எரித்தால் கிலோவுக்கு 2 யூனிட்தான் தேறும். எடையில் பாதி எரியாத தண்ணீர், அதை ஆவியாக்கவும் கொஞ்சம் வெப்பம் செலவாகிவிடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஃபின்லாந்தில் பிர்ச் மரத்தைத்தான் விரும்புகிறார்கள். பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்கள் திறந்திருக்க அடுக்கி ஒரு கோடை முழுக்கக் காயவிடுவார்கள். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: காய்ந்தது ‘டக்’ என்று கணீரென்று ஒலிக்கும், ஈரம் ‘தொப்’ என்று விழும். ஈரமானி வைத்திருந்தால் கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். வெளிப்பக்கம் எப்போதும் பொய் சொல்லும்.

வாங்கும்போது ‘கன மீட்டர்’ என்ற சொல்லில் ஏமாந்துவிடாதீர்கள். அடுக்கிய ஒரு கன மீட்டர் பிர்ச்சில் சுமார் 1,700 யூனிட் இருக்கும். வண்டியில் அள்ளிக் கொட்டிய ஒரு கன மீட்டரில் சுமார் 1,000தான், இடையில் காற்று. 2022 இலையுதிர்காலத்தில் மின்சார விலை எகிறியபோது ஊரே விறகுக்கு அலைந்தது. நான் அப்போது வாங்கியது கொட்டிய கணக்கு என்பது அடுக்கி முடித்த பிறகுதான் தெரிந்தது.

மூட்டும் முறையும் நம்முடையதற்கு நேர்மாறு. பெரிய கட்டைகள் அடியில், சுள்ளி உச்சியில். தீயை மேலிருந்து கீழே இறங்க விட வேண்டும். அப்போது கிளம்பும் வாயு மேலே இருக்கும் சுடருக்குள் நுழைந்து எரிந்துவிடும், தொடக்கப் புகை பெரிதும் குறையும். எரிந்து முடிந்ததும் புகைபோக்கியின் தகட்டை மூடினால் சூடு உள்ளே தங்கும். இந்த ஓர் இடத்தில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. கங்கின்மேல் நீலச் சுடர் ஒன்று நெளிந்துகொண்டிருந்தாலும் அங்கே கார்பன் மோனாக்சைடு உண்டாகிக்கொண்டிருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நீலம் போய், கங்கு கறுத்த பிறகுதான் மூட வேண்டும். அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் ஒன்றும் சுவரில் இருக்கட்டும். குளிர் கூடினால் ஒரே தடவையில் 20 கிலோ திணிக்காதீர்கள். 12 மணி நேரம் கழித்து இன்னொரு முறை மூட்டுங்கள்.

புதுக் கல்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றமாட்டோம் அல்லவா? வடிகஞ்சி ஊற்றி, எண்ணெய் தடவி, நாலைந்து நாள் பழக்குவோம். இதற்கும் அப்படியே. கட்டி முடித்துச் சில நாள் சும்மா உலரவிட்டு, பிறகு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று சின்னத் தீயாகத் தொடங்க வேண்டும். சாந்திலுள்ள ஈரம் மெதுவாக வெளியேற வேண்டும். வேகமாக வெளியேறினால் வெடிப்பு விழும். முதல் நாள் எங்கள் கணப்பின் கதவுக் கண்ணாடியில் உட்பக்கமாக நீர் முத்துமுத்தாகக் கோத்து நின்றது. வீடெல்லாம் நனைந்த மண் வாசனை. ஆறாம் நாள் கண்ணாடி உலர்ந்திருந்தது. அன்று இரவு முதல்முறையாக 12 கிலோவையும் எண்ணி அடுக்கினோம்.